தவநாயகி பறித்த நீலப்பூ

அறுபது வயதுவரை தவநாயகி ஒரு பூவைக்கூட மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனதில்லை. மணம் பிடிக்காது என்றில்லை. முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. அவள் கண்ணில் படுகிற பூவெல்லாம் சாமிக்குப் போகவேண்டிய பூ. பிறகு எப்படி முகர்வது?

மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் அவள் இருக்கும் தெருவுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் குளித்து, ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு நடக்கத் தொடங்குவாள். வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பூ எல்லோருக்கும் பொது என்பது அவள் யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே கொண்டுவந்த சட்டம். முதலில் தெருக்காரர் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு கைகாட்டினார்கள். மூலை வீட்டுக் கிரேக்கப் பெண் வூலா ஒருபடி மேலே போய், தன் ரோசாக் கொப்பை வேண்டுமென்றே தெருப்பக்கம் வளைத்துக் கட்டிவிட்டாள். ஆகவே தன்னுடைய சட்டம்தான் இந்த நாட்டுச் சட்டமும் என்று தவநாயகி நம்பிவிட்டதில் பெரிய தப்பில்லை.

பகலில் அவள் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமைக்கிறாள். உப்பில்லாமல் மசித்த உருளைக்கிழங்கு, பல்லில்லாதவர்களுக்கு அரைத்த கரட். வீட்டில் கணவர் தங்கராசா. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பின்வளவில் மிளகாயும் கத்தரியும் வைத்திருக்கிறார். தின்ன முடியாத எதற்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையோடு பூப்பைத்தியம் ஒன்றைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் சண்டையில்லாமல் இருந்தாரே, அதற்கே அவருக்கு ஒரு மாலை போடவேண்டும்.

மகள் தாரகாதான் இதைத் தொடக்கிவைத்தாள். அம்மாவின் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல், ஒரு தோட்டத்துக்கு டிக்கெட் எடுத்து வந்தாள்.

"தோட்டத்துக்கு டிக்கெட்டோ?" என்றார் தங்கராசா. "என்ரை கத்தரிக்கண்டைப் பாக்க ஒருத்தரும் டிக்கெட் எடுக்கேல்லையே."

"அப்பா, இட்ஸ் அன் இங்கிலிஷ் கார்டன். ஓனர் வருஷத்திலை மூண்டு தரம்தான் கேற் திறப்பா. அம்மா வில் லவ் இட்."

மெல்பேர்னுக்கு வெளியே, ஒலிண்டா பக்கத்து மலையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. தோட்டக்காரர்கள் பருவத்துக்கு ஒருமுறை, ஒரு சனி ஞாயிறு, தங்கள் படலையை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். கோடையில் மட்டும் இல்லை. காட்டுத்தீப் பயம். தாரகா எடுத்துவந்தது வசந்தத்தின் கடைசிக்கு.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. வானத்தைத் தொடுகிற யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கார் ஏறியது. ஒரு வளைவு கழிந்ததும் காடு சட்டென்று விலகியது. கல்மதில், வெள்ளைப் படலை, அதற்கப்பால் தோட்டம்.

தவநாயகி படலையைத் தாண்டி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

அவள் பூ பார்க்காதவள் அல்ல. ஆனால் அவளுக்குத் தெரிந்த பூ கிண்ணத்தில் இருப்பது, நூலில் இருப்பது, கூடையில் எடை போடுவது. இங்கே பூ நிலத்திலிருந்து எழுந்து ஆளுயரத்துக்கு நின்றது. ஊதாவில் தொடங்கிய பாத்தி நடக்க நடக்க இளஞ்சிவப்பாகி, சிவப்பாகி, மஞ்சளில் போய் முடிந்தது. எந்த இடத்தில் நிறம் மாறியது என்று அவள் திரும்பி நடந்து தேடினாள், பிடிபடவில்லை. வெட்டிவிட்ட பச்சை வேலி ஒன்றுக்குள் நுழைந்தால் வெள்ளைப் பூக்கள் மட்டுமே உள்ள ஒரு அறை. கூரையில்லாத அறை. அதற்குள் வந்தவர்களெல்லாம் தாங்களாகவே குரலைத் தாழ்த்தினார்கள். ஊதாக் குலைகள் தொங்கும் கொடிப்பந்தலின் கீழே அவள் நடந்தபோது தலையிலும் தோளிலும் இதழ் விழுந்தது. அதைத் தட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. கண் நிறைந்தது. கோயில் தேரைத் தவிர வேறெதற்கும் அவளுக்கு அப்படி ஆனதில்லை.

எல்லோரும் குனிந்து குனிந்து ரோசாவை முகர்ந்துகொண்டு போனார்கள். தவநாயகி மட்டும் கையைக் கூப்பாத குறையாக நடந்தாள்.

ஒரு விஷயம்தான் அவளுக்கு விளங்கவேயில்லை. இவ்வளவு பூவும் ஆருக்கு? தலைக்கும் இல்லை, சந்தைக்கும் இல்லை, சாமிக்கும் இல்லை. பூத்து, நின்று, செடியிலேயே வாடிப்போகிறது. ஒரு மூலையில் தோட்டக்காரி யூடித், எண்பது வயது நெட்டைக் கிழவி, தொப்பியோடு நின்று கத்திரியால் ரோசாக்களை வெட்டி வாளிக்குள் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சம் சோர்ந்த பூக்கள், அவ்வளவுதான். இன்னும் ஒரு நாளைக்குத் தாங்கும். குப்பை வாளிக்குள் கிடந்த ரோசாவைப் பார்த்துத் தவநாயகிக்கு வயிறு எரிந்தது.

அப்படி எரிந்த வயிற்றோடுதான் அவள் தோட்டத்தின் அடிப்பக்கம், பன்னங்கள் வளர்ந்த ஈரமான நிழலுக்கு இறங்கிப் போனாள். அங்கே யாரும் இல்லை. பாசி பிடித்த கல்லுக்குப் பக்கத்தில் ஒரேயொரு செடி. மயிர் மூடிய தண்டு. அதன் நுனியில் ஒரு நீலப்பூ.

நீலம் என்று சொன்னால் போதாது. சங்குப்பூவின் நீலம் அவளுக்குத் தெரியும், அதில் ஊதா கலந்திருக்கும். இது கலப்பில்லாத நீலம். இதழ் பட்டுத்துணியை விட மெல்லிசு, நடுவில் பொன்னிறப் பொடி. மயிலின் கழுத்தை வெயிலில் பிடித்த மாதிரி இருந்தது. மயில் என்று நினைத்த கையோடு முருகன் நினைவுக்கு வந்துவிட்டார். சாமியறையில் இருக்கும் அந்தப் படத்துக்கு இத்தனை வருடமாகத் தான் வைத்ததெல்லாம் ஒரு பூவா என்று அவளுக்கு வெட்கமாகவே போய்விட்டது.

அவள் யோசித்துப் பறித்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்கும் முன்னமே கை போய்விட்டது. "முருகா" என்றாள். காம்பு நறுக்கென்று முறிந்தது. சுத்தமான கைலேஞ்சித் துணியில் சுற்றி, கைப்பையின் மேலறையில் வைத்தாள். அழகானதைக் கண்டால் மற்றவர்கள் படம் எடுப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

மேலே தேத்தண்ணி மேசையில் தங்கராசா இரண்டாவது ஸ்கோனுக்கு ஜாம் பூசிக்கொண்டிருந்தார். இந்தத் தோட்டத்தில் தின்னக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையை எடுக்கும்போது யூடித் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கீழே இறங்குவது தெரிந்தது. வந்தவர்களெல்லாம் அவரைப்போல மலையில் தோட்டம் வைத்திருப்பவர்கள். கமெராக்கள் தொங்கின. யூடித்தின் குரல் சிறுபிள்ளையின் குரல்போல உயர்ந்து கேட்டது.

பிறகு அந்தக் குரல் நின்றுபோனது.

தவநாயகி கோப்பையை வைத்தாள். கீழேயிருந்து வந்தவர்களின் பேச்சு மேசைக்கு எட்டியது. அந்த நீலப்பூ இமயமலைப் பொப்பியாம். யூடித் எத்தனையோ தரம் விதை போட்டாராம். மெல்பேர்ன் வெக்கையில் எல்லாம் செத்து, தப்புவது பூத்தவுடன் செத்துவிடுமாம். இந்த முறை தப்பினது ஒன்றே ஒன்று. அதன் விதையைத்தான் நம்பியிருந்தாராம். காலையில்தான் விரிந்ததாம்.

அவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். விஷயத்தைக் கணவரின் காதுக்குள் சொன்னாள்.

தங்கராசா ஸ்கோனைக் கீழே வைத்தார். "பேசாம இரும். ஒருத்தரும் காணேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுக் கெதியா வெளிக்கிடுவம்."

"என்னாலை ஏலாதப்பா."

"உமக்கென்ன விசரே? பூவைத் திரும்ப ஒட்டப்போறீரே?"

அவள் அதற்குள் எழுந்துவிட்டாள்.

கீழே யூடித் கல்லின்மேல் இருந்தார். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். தவநாயகி அவர்களுக்கு நடுவே போய், கைலேஞ்சியை விரித்து நீட்டினாள். நீலம் அதற்குள் ஒரு துளி மங்கியிருந்தது. கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ஏன்?" என்று கேட்டார் யூடித். கோபமில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

தவநாயகியின் இங்கிலிஷ் குசினிக்குப் போதும், இதற்குப் போதாது. தேடிப் பிடித்துச் சொன்னாள்: "இங்கே எல்லாவற்றிலும் இதுதான் அழகு. என் கடவுளுக்கு."

யூடித் கைலேஞ்சியின் நான்கு முனைகளையும் தானே மடித்து அவள் கையில் வைத்தார். "கொண்டு போங்கள். இங்கே இருந்தாலும் வாடித்தான் போகும்," என்றார். மெதுவாக எழுந்து, ஒருவரையும் திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடந்தார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தவநாயகிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பூவை முருகனின் காலடியில் வைத்தாள். பொழுது சாய முதல் நான்கு இதழும் விழுந்துவிட்டன. சாமியறை வாசலில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அந்தச் செடியில் இனிப் பூ வராது, விதை வராது, அந்தக் கிழவிக்கு இனி இன்னொரு முறை தொடங்க வயசும் இல்லை. எல்லாம் தன் கையால் நடந்தது. அன்றைக்கே நேர்த்தி வைத்தாள்: அந்தச் செடி மறுபடி தளிர்க்கும்வரை உனக்குப் பூ இல்லை முருகா, எனக்கும் வேறு பிரார்த்தனை இல்லை.

மறுநாளிலிருந்து சாமியறையில் விளக்கும் தண்ணீரும் மட்டும். தெருவில் கிண்ணத்தோடு அவளைக் காணவில்லை. வூலா வந்து, நான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா என்று கேட்டாள். தங்கராசா முதலில் பகிடி பண்ணினார், முருகனைப் பட்டினி போடுறீர் என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு பகிடியை நிறுத்திவிட்டார். பூவில்லாத சாமியறையைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

ஏப்ரல் கடைசியில் இலையுதிர்காலத்துக்குப் படலை திறந்தார்கள். தவநாயகிக்குப் போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் தங்கராசாவே கார்த் திறப்பை எடுத்தார். ஸ்கோனுக்காகத்தான் என்று சொன்னார்.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். கோயிலைச் சுற்றுகிற மாதிரி முழுத் தோட்டத்தையும் அப்படியே சுற்றினாள். வசந்தத்தில் பார்த்த தோட்டம் இது இல்லை. மேப்பிள் மரங்கள் அடியிலிருந்து நுனிவரை சிவந்து நின்றன. ஒரு மரம் தன் மஞ்சள் இலை முழுவதையும் ஒரே இரவில் கீழே கொட்டிவிட்டு, வெறுங்கிளையோடு மஞ்சள் வட்டத்துக்கு நடுவே நின்றது. இலைக்கு இவ்வளவு நிறம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சாகப்போகிற நேரத்தில் இவ்வளவு அலங்காரமா என்று வாய்விட்டே சொன்னாள்.

"கையில் என்ன காயமா?" பின்னால் யூடித் நின்றார்.

தவநாயகி கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இல்லை. இனி இந்தக் கையை நம்பமாட்டேன்."

யூடித் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்திருந்த வாருகோலை எடுத்து அவளிடம் நீட்டினார். "எனக்கு முதுகு வளையாது. கீழே அந்தப் பாத்திக்கு இலை போட வேண்டும்."

பாசிக் கல்லுக்குப் பக்கத்தில் செடி பழுப்பேறி, தரையோடு சுருங்கிக் கிடந்தது. இருக்கிறதா போய்விட்டதா என்று யூடித்துக்கும் தெரியவில்லை. வசந்தத்தில் பார்ப்போம் என்றார். தவநாயகி சிவப்பும் மஞ்சளுமாக இலைகளை வாரிக் கொண்டுவந்து, குளிர் படாதபடி அதைச் சுற்றி அணைத்து மூடினாள். மேலே தங்கராசா மூன்றாவது ஸ்கோனில் இருந்தார்.

யூலையில் மறுபடி போனார்கள். குளிர்காலத்தில் தோட்டத்தில் என்ன இருக்கும் என்று தாரகா கேட்டாள். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாததைப் பார்த்துத்தான் தவநாயகி அன்றைக்கு அதிகம் அதிசயித்தாள். பூவும் இலையும் போனபிறகு தோட்டத்தின் உடம்பு தெரிந்தது. எந்தப் பாதை எங்கே போய்ச் சேருகிறது, ஒரு மரம் இன்னொரு மரத்துக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது, எல்லாம் வெட்டவெளிச்சம். பச்சை வேலியின் மேல் உறைபனி. மக்னோலியாக் கிளையின் நுனியைத் தொட்டுப் பார்க்கும்படி யூடித் அவளிடம் சொன்னார். தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டினாள். இத்தனை குளிரிலும் மயிர்ப்போர்வைக்குள் ஒரு மொட்டு இருந்தது.

பாதையோரத்தில் ஒரு சிறு செடி, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப்பூ. அந்த இடம் முழுவதும் மணத்தது. இது டாஃப்னிப் பூ, முகர்ந்து பாருங்கள் என்றார் யூடித். தவநாயகி மறுத்துத் தலையாட்டினாள்.

"நாங்கள் முகர்வதில்லை. முகர்ந்தால் கடவுளுக்குக் கொடுக்க முடியாது."

யூடித்துக்கு ஆச்சரியம். "அப்படியானால் வாழ்நாளில் ஒரு பூவைக்கூட முகர்ந்ததில்லையா?"

"கொடுத்த பிறகு முகரலாம். அப்போது அது அவர் எங்களுக்குத் தந்தது." கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையையும் சொன்னாள். "ஆனால் வேலைக்குப் போய்த் திரும்பி வரும்போது அது வாடியிருக்கும்."

கீழே, இலைப்போர்வைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கிளறிப் பார்க்க யூடித் விடவில்லை.

ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர். சாமியறையில் விளக்கும் தண்ணீரும். கோயிலில் ஒவ்வொரு பூசைக்கும் மற்றப் பெண்கள் தட்டு நிறையப் பூ கொண்டுவந்தபோது தவநாயகி வெறுங்கையோடு போய் வந்தாள். கேட்டவர்களுக்கு, நேர்த்தி என்றாள். பிள்ளைக்குச் சுகமில்லையோ என்று கேட்டார்கள். ஒரு பூக்கண்டுக்கு என்று எப்படிச் சொல்வது?

நவம்பர் வந்தது. இந்த முறை தங்கராசாவும் ஸ்கோன் மேசைப் பக்கம் திரும்பாமல் அவள் பின்னாலேயே வந்தார். தவநாயகி ஊதாப் பாத்தியைப் பார்க்கவில்லை, வெள்ளை அறையைப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேரே நிழலுக்குள் இறங்கினாள்.

யூடித் கல்லின்மேல் இருந்தார். அவள் வருவாள் என்று தெரிந்து காத்திருந்தவர்போல ஒதுங்கி இடம் விட்டார்.

கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தண்டு இல்லை, மூன்று தண்டு. இரண்டில் மொட்டு. ஒன்றில் அந்த நீலம், முழுதாக விரிந்து.

தவநாயகி ஈரத்தைப் பாராமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். தங்கராசா தொப்பியைக் கழற்றினார்.

"முதல் வருடம் பூக்கவிடக்கூடாது," என்றார் யூடித். "மொட்டைக் கிள்ளிவிட்டால் பலம் வேருக்குப் போகும், பக்கத்தில் தளிர்க்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எத்தனையோ தரம் படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிட்டப் போய், மனம் வராமல் திரும்பிவிடுவேன். பூக்கும், பார்ப்பேன், செத்துவிடும். போன முறை உங்கள் கை கிள்ளிவிட்டது. இது தப்புமென்று நானும் நினைக்கவில்லை."

பிறகு சட்டைப்பையிலிருந்து கத்திரியை எடுத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார். "இப்போது மூன்று இருக்கிறது. இதை உங்கள் கடவுளுக்குக் கொண்டு போங்கள்."

தங்கராசா மனைவியைப் பார்த்தார். வீட்டில் வெறுமையாக இருக்கும் படம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. "எடுமப்பா," என்றார் மெதுவாக. "மனசாரக் குடுக்கிறா."

தவநாயகி கத்திரியைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து, அந்த இடத்திலேயே கூப்பினாள். கண்ணை மூடினாள். "முருகா, இது உனக்கு. இஞ்சையே இருக்கட்டும்," என்றாள்.

கண்ணைத் திறந்தாள். கொடுத்தாகிவிட்டது. இனி முகரலாம். கையை நிலத்தில் ஊன்றி, மூக்கு இதழில் படுகிற அளவுக்குக் குனிந்து, மூச்சை உள்ளே இழுத்தாள். இன்னொரு தரமும் இழுத்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டார் தங்கராசா.

தவநாயகி நிமிர்ந்து பார்த்தாள். மூக்கின் நுனியில் பொன்னிறப் பொடி ஒட்டியிருந்தது.

"ஒரு மணமும் இல்லையப்பா," என்று சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். என்ன சொன்னாள் என்று விளங்காமலே யூடித்தும் சேர்ந்து சிரித்தார்.